கால்நடை மருத்துவக் கல்வியும் கொடையாளர் உதவித்தொகையும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

கொடையாளர் உதவித்தொகை என்பது, அரசு நிதிக்கு வெளியே, தனிமனிதர்களோ குடும்பங்களோ முன்னாள் மாணவர்களோ தொழில் நிறுவனங்களோ ஒரு மாணவரின் படிப்புக்காக வழங்கும் பணம் ஆகும். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு இத்தகைய உதவிகள் பல உண்டு. கால்நடை மருத்துவம் அந்த அளவுக்குக் கொடையாளர்களின் கவனத்தைப் பெறவில்லை. ஆனால் இக்கல்வியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், அது தோன்றிய இடங்களிலெல்லாம் ஒரு கொடையாளரின் கை இருந்திருப்பதைக் காணலாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி இதைப் பற்றிச் சிந்திக்கப் பொருத்தமான இடம். கால் நூற்றாண்டுக்குள் வயலும் மேய்ச்சல் நிலமும் ஆலைகளாக மாறிய பகுதி இது. கொடை கொடுக்கும் வசதியுள்ள நிறுவனங்களும், மாடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இக்கட்டுரை முதலில் கல்விக் கொடையின் வரலாற்றையும், பிறகு அது இன்று இப்பகுதியின் மாணவர்களுக்கு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதையும் விளக்குகிறது.

மாணவரின் உணவுக்கும் கொடை: திருமுக்கூடல் கல்வெட்டு

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகத் தெற்கே சென்றால் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் திருமுக்கூடல் என்ற ஊர் வரும். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஆகியவை இயங்கியதை அது தெரிவிக்கிறது. ஆதுலசாலை என்பது மருத்துவமனை.

இக்கல்வெட்டில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆசிரியருக்கான ஊதியத்தோடு கொடை நின்றுவிடவில்லை. மாணவர்களின் உணவுக்கும், தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் எண்ணெய்க்கும், இரவு விளக்குக்கும், நோயுற்றால் மருந்துக்கும் தனித்தனியே ஒதுக்கீடு செய்யப்பட்டுள்ளது. விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டும் 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நெல் அளந்து கொடுக்கப்பட்டதைக் கூறுகிறது.

அக்கல்விச்சாலைகளில் எல்லாப் பிரிவினரும் படிக்கவில்லை. கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் வேதமும் இலக்கணமுமே. ஆயினும், படிக்கும் காலத்தில் மாணவரின் அன்றாடச் செலவையும் யாராவது ஏற்றால்தான் படிப்பு முடியும் என்ற நடைமுறை அறிவு அன்றே இருந்தது. இன்றைய உதவித்தொகைக்கும் அதுவே அடிப்படை.

ஐரோப்பாவில் தொடக்கம்

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் தோன்றியது. குளோது பூர்ஜெலா என்பவர் 1761ஆம் ஆண்டு அரசின் அனுமதியுடன் இதை நிறுவினார். மாட்டுக் கொள்ளைநோய் ஐரோப்பா முழுவதும் மாடுகளைக் கொன்று குவித்த காலம் அது. பள்ளியை நடத்த அரசு ஆறு ஆண்டுகளுக்கு 50,000 லிவர் ஒதுக்கியது. பிரான்சின் பல மாகாணங்கள் தம் பகுதி இளைஞர்களைத் தம் செலவிலேயே அங்கு அனுப்பிப் படிக்கவைத்தன. படித்தவர் ஊர் திரும்பி அங்குள்ள மாடுகளைக் காப்பார் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. கால்நடை மருத்துவ மாணவர் உதவித்தொகையின் முதல் வடிவம் என்று இதைக் கருதலாம்.

இங்கிலாந்தில் இம்முயற்சியைத் தொடங்கியவர்கள் உழவர்களும் நிலவுடைமையாளர்களும் ஆவர். ஹாம்ப்ஷயர் பகுதியில் 1783ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓடிஹாம் வேளாண் சங்கம், நல்ல இளைஞர்கள் சிலரைப் பிரான்சுக்கு அனுப்பிக் கால்நடை மருத்துவம் படிக்கவைக்க 1788ஆம் ஆண்டு உறுப்பினர்களிடம் நிதி திரட்டத் தொடங்கியது. மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்புவதைவிட உள்நாட்டிலேயே ஒரு கல்லூரி அமைப்பது நல்லது என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. அதன் விளைவாக 1791ஆம் ஆண்டு லண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. சில மாணவர்களுக்காகத் தொடங்கிய நிதித் திரட்டு ஒரு கல்லூரிக்கே வழிவகுத்தது.

பம்பாயில் ஓர் ஆலை அதிபரின் கொடை

இந்தியாவில் மாட்டுக் கொள்ளைநோயைத் தமிழர் வெக்கை நோய் என்று அழைத்தனர். இந்நோயை ஆராய்ந்து 1871ஆம் ஆண்டு அறிக்கை அளித்த ஆணையத்தின் முயற்சிக்குப் பிறகு, பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்கள் தேவை என்ற கருத்து அரசிடம் வலுப்பெற்றது. 1882ஆம் ஆண்டு லாகூரில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது.

பம்பாயின் கதை சற்று வேறானது. அங்கே பருத்தி ஆலைத் தொழிலில் பெரும் செல்வம் ஈட்டிய சர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட், 1883ஆம் ஆண்டு விலங்குகளுக்கான மருத்துவமனை ஒன்று அமையப் பொருள் வழங்கினார். அம்மருத்துவமனைக்கு அவருடைய மனைவி பாய் சாக்கர்பாயின் பெயர் சூட்டப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1886ஆம் ஆண்டு, பரேல் பகுதியில் அந்த மருத்துவமனையை ஒட்டியே பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மாணவர்கள் பழகுவதற்கு நோயுற்ற விலங்குகள் வேண்டும். அதற்கு மருத்துவமனை வேண்டும். அந்தத் தேவையை ஒரு தொழிலதிபரின் கொடை முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருந்தது.

ஆலையில் ஈட்டிய பணம் கால்நடை மருத்துவக் கல்விக்குத் துணை நின்றதற்கு இது இந்தியாவின் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஆலைகள் நிறைந்த இன்றைய ஒரகடத்தைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்வி

சென்னை மாகாணத்தில் சைதாப்பேட்டை வேளாண் கல்லூரியில் கால்நடை பற்றிய பாடங்கள் கற்பிக்கப்பட்டன. தனிக் கல்லூரி 1903ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கியது. டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 20 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. பின்னர் வேப்பேரியில் எழுந்த செந்நிறக் கட்டடம் இன்றும் அக்கல்லூரியின் அடையாளமாக உள்ளது.

தொடக்கத்தில் இங்கு ஜி.எம்.வி.சி. என்ற மூன்று ஆண்டுப் பட்டயமே வழங்கப்பட்டது. 1936ஆம் ஆண்டு கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, இந்தியாவிலேயே முதன்முதலாக பி.வி.எஸ்சி. பட்டப் படிப்பை வழங்கியது. 1976ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. நாமக்கல்லில் 1985ஆம் ஆண்டு இரண்டாவது கல்லூரி தொடங்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இவ்விரண்டையும் உள்ளடக்கித் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. கால்நடை மருத்துவத்துக்கென இந்தியாவில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் இது. இதன் தலைமையிடம் மாதவரம். பின்னர் ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் ஏற்பட்டன.

இக்கல்வியின் பயனை வெக்கை நோயின் முடிவு காட்டும். பல தலைமுறைக் கால்நடை மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று தடுப்பூசி போட்டதன் விளைவாக, 1995ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தியாவில் இந்நோய் காணப்படவில்லை. 2006ஆம் ஆண்டு இந்தியா நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனித முயற்சியால் உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் வெக்கை நோயே.

சிறு தொகைகளின் கூட்டு: டஸ்கீகி

கொடை என்றால் பெருஞ்செல்வர் ஒருவர்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. பிரெடெரிக் பேட்டர்சன் என்ற கறுப்பினக் கால்நடை மருத்துவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, மூத்த சகோதரியால் வளர்க்கப்பட்டவர். 1923ஆம் ஆண்டு அயோவா மாநிலக் கல்லூரியில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றார். 1935ஆம் ஆண்டு அலபாமாவில் உள்ள டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் தலைவரானார்.

கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகள் தனித்தனியே நிதி கேட்டு அலைவதை விட்டு, ஒன்றாகச் சேர்ந்து சிறு தொகைகளைப் பொதுமக்களிடம் திரட்ட வேண்டும் என்று அவர் 1943ஆம் ஆண்டு செய்தித்தாளில் எழுதினார். அடுத்த ஆண்டே 27 கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டு நிதியத்தை ஏற்படுத்தின. 1945ஆம் ஆண்டு டஸ்கீகியில் கால்நடை மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. அமெரிக்காவின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் அப்பள்ளியில் படித்தவர்களே. நிறவெறி காரணமாகப் பல கல்லூரிகளின் கதவு மூடியிருந்த காலத்தில், சிறு கொடைகளின் கூட்டு எவ்வளவு செய்ய முடியும் என்பதை இது காட்டுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்: மாறிய நிலம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஸ்ரீபெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர் என்ற வகையில் பழம்புகழ் உடையது. சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். நெல் அறுவடைக்குப் பின் வைக்கோல் மாட்டுக்குப் போகும். ஏரிக்கரையும் மேய்க்கால் புறம்போக்கும் ஆடுமாடுகளின் மேய்ச்சல் இடங்கள்.

1990களின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் 1996ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் ஆலை 1998ஆம் ஆண்டு கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ–நிசான் ஆலையும், 2012ஆம் ஆண்டு டைம்லர் சரக்கு வாகன ஆலையும், 2013ஆம் ஆண்டு ராயல் என்பீல்டு ஆலையும் வந்தன. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களிலும் சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்தன.

வேலைவாய்ப்பு பெருகியது உண்மை. ஆனால் மாடு வளர்ப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. நிலத்தை இழந்த குடும்பங்கள் சிலவற்றுக்கு இரண்டு கறவை மாடுகளும் பால் சங்கமுமே தொடர்ந்து கையில் காசு தரும் வழி. மேய்ச்சல் நிலம் சுருங்கினால் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். மாடுகள் சாலைக்கு வரும். விபத்தும், நெகிழிப்பை தின்று வயிறு உப்புதலும் நேரும். கோமாரி, மடிவீக்கம், தோல் கழலை நோய் போன்றவை ஆலை வந்துவிட்டது என்பதற்காக விலகிப் போவதில்லை. தொழிலாளர் குடியிருப்புகள் பெருகும் இடத்தில் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் தேவையும் அதிகம்.

எனவே இப்பகுதிக்குக் கால்நடை மருத்துவர்கள் முன்பைவிடக் குறைவாகத் தேவைப்படுவார்கள் என்று எண்ணுவது தவறு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகளும் 98 லட்சத்துக்கும் அதிகமான வெள்ளாடுகளும் இருந்தன. 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. மாடுகளை மட்டும் கணக்கில் கொண்டாலே ஏறத்தாழ 1,900 மருத்துவர்கள் தேவை.

படித்து முடித்தவர்களுக்கான இடங்களும் அருகிலேயே உள்ளன. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. ஒரகடம் சாலை தொடங்கும் வண்டலூரில் 1985ஆம் ஆண்டு முதல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இயங்குகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் மேலும் மேற்கே சென்றால், 1932ஆம் ஆண்டு தொடங்கப்பட்டுக் கால்நடைத் தடுப்பூசிகள் தயாரித்துவரும் இராணிப்பேட்டை நிலையம் உள்ளது.

படிப்பின் நீளமும் குடும்பத்தின் கணக்கும்

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள் நீள்வது. இதில் நான்கரை ஆண்டுகள் பாடமும் செய்முறையும்; கடைசி ஓராண்டு கட்டாய உள்ளுறைப் பயிற்சி. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டுமே நீட் தேர்வு மதிப்பெண் பார்க்கப்படுகிறது. ஆகவே தனிப்பயிற்சிக்குப் பணம் செலவிட முடியாத கிராமத்து மாணவரும் நன்றாகப் படித்தால் இப்படிப்பில் சேர வாய்ப்பு உண்டு.

சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆலைப் பகுதியில் வாழும் குடும்பம் ஒன்றின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் படித்த மூத்த மகன் இரண்டு, மூன்று ஆண்டுகளில் சம்பளம் வாங்கத் தொடங்குவான். கால்நடை மருத்துவம் படிக்கும் இளைய மகள் ஐந்தரை ஆண்டுகள் வீட்டிலிருந்து பணம் பெற வேண்டும். கல்விக் கட்டணம் ஒன்றே செலவு இல்லை. விடுதி, மெஸ் கட்டணம், புத்தகம், வெள்ளை அங்கி, ரப்பர் காலணி, ஸ்டெதஸ்கோப், அறுவைக் கருவிப் பெட்டி, பண்ணைகளுக்கும் முகாம்களுக்கும் போய்வரும் செலவு ஆகியவையும் உண்டு. அத்துடன் அவள் ஆலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய சம்பளத்தையும் குடும்பம் மனத்தில் கணக்குப் போடும். அருகில் ஆலை இல்லாத ஊரில் இந்தக் கடைசிக் கணக்கு இவ்வளவு அழுத்தாது.

உதவித்தொகை தீர்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, வீட்டில் ஒருவர் நோயுற்றால் அல்லது ஆலையில் ஒப்பந்த வேலை முடிந்துபோனால், படிப்பை விட்டுவிடலாமா என்ற பேச்சு வரும். அந்த நேரத்தில் மாதந்தோறும் தவறாமல் வரும் ஒரு சிறு தொகை, மெஸ் பாக்கி ஏறாமல் காப்பாற்றும்.

அரசின் உதவிகளும் விடுபடுவோரும்

தமிழ்நாட்டில் அரசு உதவிகள் கணிசமானவை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகை, அம்பேத்கர் வைசிராயின் ஆட்சிக்குழுவில் இருந்த 1944ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010ஆம் ஆண்டு முதல் உள்ளது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. 2022ஆம் ஆண்டு தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன.

இருந்தும் சிலர் விடுபடுகின்றனர். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்கவைத்த ஏழைக் குடும்பத்தின் பிள்ளைக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீடு கிடைக்காது. அண்ணன் ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால், தங்கைக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது. சலுகை பெறும் மாணவருக்கும் கருவிகள், பயணம் போன்ற கைச்செலவுகள் மீதி நிற்கும். கொடையாளர் உதவித்தொகையின் இடம் இங்குதான். அரசு செய்வதையே மீண்டும் செய்யாமல், அது எட்டாத இடத்தைத் தேடிக் கொடுத்தால் சிறு தொகையும் பெரும் பயன் தரும்.

அறக்கட்டளை நிதி இயங்கும் முறை

கல்வி நிறுவனங்களில் கொடை பொதுவாக இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, ஆண்டுதோறும் கொடுக்கப்படும் தொகை. மற்றொன்று, அறக்கட்டளை வைப்பு நிதி. இதில் கொடையாளர் ஒரு தொகையை நிறுவனத்திடம் ஒப்படைப்பார். அது வங்கியில் வைப்பாக இருக்கும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் பரிசாகவோ உதவித்தொகையாகவோ வழங்குவர்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு லட்சம் ரூபாய் வைப்பு 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 7,000 ரூபாய் தரும். மாதத்துக்கு 600 ரூபாய் கூட ஆகாது. அத்தொகை சில பத்தாண்டுகளுக்கு முன் ஒரு மாணவரின் மெஸ் செலவைத் தாங்கியிருக்கும். இன்று சில புத்தகங்களுக்கே போதும். விலைவாசி ஏற, முதல் அப்படியே நிற்பதால், பழைய அறக்கட்டளைகளின் பயன் தேய்ந்துபோகிறது. வட்டியில் ஒரு பகுதியை முதலுடன் சேர்த்துவருவது இதற்கு எளிய மாற்று.

ஆண்டுக்கு ஒரு புதிய மாணவரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 40,000 ரூபாய் வழங்குவதாகக் கொள்வோம். ஒரே நேரத்தில் 6 பேர் வரை உதவி பெறுவர். ஆண்டுச் செலவு 2,40,000 ரூபாய். 7 விழுக்காடு வட்டியில் இதற்கு ஏறத்தாழ 34 லட்சம் ரூபாய் முதல் வேண்டும். தனிமனிதருக்கு இது பெரிய தொகை. முன்னாள் மாணவர்கள் நூறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 34,000 ரூபாய்தான்.

பதக்கமும் உதவித்தொகையும்

பட்டமளிப்பு விழாக்களில் கொடையாளர்களின் பெயரில் தங்கப் பதக்கங்கள் வழங்கப்படுவது வழக்கம். பெற்றோரின் நினைவாகவோ ஆசிரியரின் நினைவாகவோ அவை ஏற்படுத்தப்படுகின்றன. அவை மாணவருக்கு மதிப்புச் சேர்ப்பவை. ஆனால் பதக்கம் படிப்பை முடித்தவருக்குக் கிடைப்பது. படிப்பை முடிக்க முடியுமா என்று தவிப்பவருக்கு அதனால் உதவி இல்லை.

மதிப்பெண்ணை மட்டும் அளவாகக் கொள்ளும் உதவித்தொகையிலும் இதே குறை உண்டு. அதிகாலையில் பால் கறந்துவிட்டு வந்து படித்த மாணவர் முதலிடத்துக்கு வராமல் போகலாம். தேர்ச்சி பெறுவதே அவருக்குச் சாதனையாக இருக்கும். குடும்ப வருமானத்தையும், படிப்பில் தொடர்ந்து தேறிவருவதையும் சேர்த்துப் பார்ப்பது பொருத்தமான முறை. அதே நேரத்தில், உதவி பெறுபவரின் வறுமையை மேடையேற்றிக் காட்டுவது முறையன்று. பெயரை வெளியிடாமல், தொகையை நேராக வங்கிக் கணக்கில் செலுத்துவது மாணவரின் தன்மானத்தைக் காக்கும்.

தொழில் நிறுவனங்களின் பங்கு

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது 5 கோடி ரூபாய் நிகர லாபம் உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

எவ்வகைப் பணிகளுக்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் கல்வி வளர்ச்சியும் உண்டு. விலங்கு நலமும் உண்டு. கால்நடை மருத்துவ மாணவருக்கு உதவுவது இவ்விரு நோக்கங்களுக்கும் பொருந்தும். உள்ளூர் முன்னுரிமையும் சேர்ந்தால், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கு உதவ நிறுவனங்களுக்குச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கிறது. தொழிற்சாலைகள் தமக்குத் தேவையான தொழிற்பயிற்சிக்கு முதலிடம் தருவது இயல்பு. எனினும், ஆலை நிற்கும் மண்ணில் முன்பு மேய்ந்த மாடுகளுக்கு மருத்துவம் பார்க்க ஒருவரை உருவாக்குவதும் அந்த ஊருக்குச் செய்யும் கைம்மாறுதான்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நிறுவனங்கள் நிலையானவை அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நோக்கியா ஆலை 2014ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்குள் இவ்வளவு பெரிய ஆலையே நின்றுபோக முடியும் என்றால், ஐந்தரை ஆண்டுப் படிப்பு ஒன்றை ஓர் ஆண்டின் லாபத்தை நம்பி நடத்துவது எளிதன்று. ஆகவே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போதே, அவர் படித்து முடிக்கும் வரைக்குமான தொகையை ஒதுக்கிவைப்பது பாதுகாப்பான வழி.

உதவி பயன்படுவதற்கான நிபந்தனைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து சில பாடங்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, உதவி கட்டணத்தோடு நிற்காமல் அன்றாடச் செலவையும் தாங்க வேண்டும். திருமுக்கூடலில் எண்ணெய்க்கும் விளக்குக்கும் ஒதுக்கியவர்கள் இதை அறிந்திருந்தனர். இரண்டாவது, அது படிப்பு முடியும் வரை தொடர வேண்டும். மூன்றாவது, உரிய காலத்தில் வர வேண்டும். ஜூலையில் கட்ட வேண்டிய மெஸ் பணம் மார்ச்சில் வந்தால், இடையில் வட்டிக்கு வாங்கிய கடன் அதை விழுங்கிவிடும். நான்காவது, சிறு கொடைகள் ஒன்றுசேர வேண்டும். டஸ்கீகியின் அனுபவம் அதையே கற்பிக்கிறது.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. பிரான்சின் மாகாணங்கள் தம் இளைஞர்களைப் படிக்க அனுப்பியபோது அவர்கள் ஊர் திரும்புவார்கள் என்று எதிர்பார்த்தன. இன்று ஒரு மாணவரைக் கட்டாயப்படுத்தி ஊருக்குத் திருப்புவது சரியாகாது. ஆனால் உள்ளுறைப் பயிற்சிக் காலத்தில் சொந்த வட்டாரத்தில் நடக்கும் தடுப்பூசி முகாம், சினை ஊசி முகாம் ஆகியவற்றில் பங்கேற்கும்படி உதவித்தொகைத் திட்டம் ஊக்குவிக்கலாம். மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் தம் ஊர்ப் பெண்ணோ பையனோ மருத்துவராக வந்து நிற்பதைக் காணும்போது, அடுத்த பிள்ளையையும் அப்படிப்புக்கு அனுப்பத் துணிவர்.

உதவித்தொகையால் தீராதவையும் உண்டு. மேய்ச்சல் நிலம் சுருங்குவதை அது தடுக்காது. பால் விலையை உயர்த்தாது. கால்நடை மருந்தகங்களில் காலியான பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமையே. கொடையால் செய்ய முடிந்தது, படிக்கும் தகுதியும் விருப்பமும் உள்ள ஒருவர் பணமின்மையால் நடுவழியில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது. அப்படிப் படிப்பை முடிக்கும் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றக்கூடும். அவ்வளவு காலத்தில் அவர் காப்பாற்றும் ஆடுமாடுகளின் பயன், அவற்றை நம்பி வாழும் குடும்பங்களுக்குப் போய்ச் சேரும்.